துறைமுகத்துப் பையன்களும் 6174-உம்

வடசென்னையில் படித்தவர்களிடம் எண் விந்தை என்றால் உடனே ‘ராமானுஜன் எண்’ எனப்படும் 1729 என்பார்கள். ராமானுஜன் 1912-இல் துறைமுகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்த ஊராயிற்றே! ஆனால் நம் பள்ளிக் கரும்பலகையில் அதைவிட அதிகமாகச் சாக்பீஸ் தின்றது 6174. நாசிக் பக்கம் தேவளாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த டி.ஆர். கப்ரேக்கர், 1949-இல் இதை அறிவித்ததும் சென்னையில் நடந்த கணித மாநாட்டில்தான்.

நான்கு இலக்க எண் ஒன்றை எடுங்கள். நான்கும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது. இறங்குவரிசையில் எழுதி, அதிலிருந்து ஏறுவரிசையைக் கழியுங்கள். விடையை மறுபடி அதே மாதிரி. 1912-ஐயே எடுத்தால் 9211 − 1129 = 8082; 8820 − 0288 = 8532; 8532 − 2358 = 6174. அதற்கு மேல் நகராது: 7641 − 1467 = 6174. எந்த எண்ணானாலும் ஏழு கழித்தலுக்குள் வந்துவிடும். 2005-க்கு ஏழும் வேண்டும்.

பிள்ளைகள் வழுக்குவது பூஜ்யத்தில். 2111 − 1112 = 999. இதை மூன்று இலக்கமாக வைத்துக்கொண்டால் அடுத்த வரியில் பூஜ்யம் வந்து கணக்கு செத்துவிடும். 0999 என்று எழுதினால் 9990 − 0999 = 8991, பிறகு 8082 என்று பழைய பாதைக்கு வந்துவிடும். கடன் வாங்கிக் கழிப்பதில் தவறு வந்ததா என்று பார்க்க ஒரு வழி: விடையின் முதல், கடைசி இலக்கங்களைக் கூட்டினால் 10, நடு இரண்டைக் கூட்டினால் 8. வரிசைப்படுத்தும்போது நடு இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டும் விடையின் நடுவில் 99, ஓரங்களின் கூட்டல் 9.

இது மாயமில்லை. பெரிய இலக்கத்துக்கும் சிறியதற்கும் உள்ள வித்தியாசத்தை 999-ஆலும், நடு இரண்டின் வித்தியாசத்தை 90-ஆலும் பெருக்கிக் கூட்டினால் அதுதான் விடை. 7641-க்கு 6 × 999 + 2 × 90. இந்த வித்தியாச ஜோடிகள் மொத்தமே 54. ஆகவே ஆயிரக்கணக்கான எண்களும் முதல் கழித்தலிலேயே 54 விடைகளுக்குள் அடங்கிவிடுகின்றன. அவற்றை ஒரு நோட்டுப் பக்கத்தில் சரிபார்த்துவிடலாம்.

6174-க்கு வேறு அழகும் உண்டு. இலக்கங்களின் கூட்டல் 18. 18-உம் அதன் வர்க்கமும் கனமும் சேர்ந்தால், 18 + 324 + 5832, அதே 6174! என் கண்ணுக்கு இது 1729-க்குச் சளைத்ததல்ல.

மூன்று இலக்கத்தில் 495 இதே வேலையைச் செய்கிறது. ஐந்து இலக்கத்தில் அப்படி ஒரு எண்ணே கிடையாது, சுற்றிச் சுற்றி வரும். ஆறு இலக்கத்தில் 549945, 631764 என இரண்டு நிலைத்த எண்கள்; கூடவே ஏழு எண்கள் கொண்ட ஒரு சுழல். வெளிநாட்டிலிருந்து ஊர் பின்கோடை எழுதிப் பழகியவர்கள் தண்டையார்பேட்டையின் 600081-ஐப் போட்டுப் பாருங்கள்: 861000 − 000168 = 860832. ஒரே கழித்தலில் அந்தச் சுழலுக்குள் விழுந்துவிட்டது. ராயபுரத்தின் 600013-உம் அங்கேதான் போகிறது, பல வரிகள் சுற்றிய பிறகு.