சமய மெய்யியலில் முனைவர் பட்டம், அப்புறம் வேலை

கடவுள், தீமை, மறுபிறப்பு போன்றவற்றைத் தத்துவமாக ஆராயும் சமய மெய்யியலைப் படிக்கப் போகிறேன் என்றதும், "படிச்சு முடிச்சா கோயில்லயா வேலை குடுப்பாங்க?" என்று கேட்டார் பெரியப்பா. என்னைக் குழப்பியது அதுவல்ல, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வின் விண்ணப்பம்தான். பாடமாகத் தத்துவத்தை எடுப்பதா, சமயங்களின் ஒப்பாய்வை எடுப்பதா? பணியிட விளம்பரங்களில் பெரும்பாலும் தத்துவத் துறைதான் கண்ணில் பட்டது என்பதால் அதையே எடுத்தேன். இரண்டு தாள், 150 கேள்வி, 300 மதிப்பெண். தவறான விடைக்குக் கழிப்பதில்லை. நியாய தரிசனம், வேதாந்தம், ஜெர்மானிய தத்துவவாதி கான்ட் என்று எல்லாம் வரும். கடவுள் உண்டா என்ற வாதம் அதில் ஒரு மூலை. அந்தத் தேர்வின் வழியாகத் தரும் ஆய்வு உதவித்தொகையான ஜேஆர்எஃப் கிடைத்தது. அந்த உதவித்தொகை இல்லாமல் இந்தத் துறையில் இறங்கு என்று யாருக்கும் சொல்ல எனக்கு மனசு வராது.

ஆய்வுக்கு எடுத்தது தீமைச் சிக்கல். அமெரிக்கத் தத்துவவாதி வில்லியம் ரோ 1979இல் எழுதிய கட்டுரையில் காட்டுத்தீயில் கருகிய மான்குட்டி ஒன்று, பல நாள் துடித்துச் சாகிறது. எல்லாம் வல்ல நல்ல கடவுள் இதை ஏன் விட்டுவைக்க வேண்டும் என்பது ரோவின் கேள்வி. முன்வினை என்பது சைவ சித்தாந்தத்தின் பதில். நெறியாளர் அவ்வளவு சீக்கிரம் அங்கே போக விடவில்லை. "சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார்ல, பிற சமயங்களைப் பத்தின பரபக்கம்தான் முதல்ல. எதிராளி சொல்றதைச் சொல்லிட்டுத்தான் அதை எழுதின அருணந்தி மறுப்பார். ரோவுக்கும் அந்த மரியாதையைக் குடுங்க" என்றார். ரோவுக்கே ஓர் இயல் முழுக்கப் போனது.

வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். புறத் தேர்வாளர் மேற்கோள் முறையைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். பின்வரிசையிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எழுந்தார். "செஞ்ச குத்தம் இன்னதுன்னே தெரியாத உயிருக்குத் தண்டனை குடுத்தா அது நியாயமா தம்பி?" தத்துவவாதி விட்லி காஃப்மன் 2005இல் மறுபிறப்புக் கொள்கைமேல் வைத்த மறுப்புகளில் ஒன்று, அப்படியே. அவர் காஃப்மனைப் படித்திருப்பார் என்று தோன்றவில்லை. வினைப்பயனை இறைவன் ஊட்டுவது தண்டிக்க அல்ல, ஆணவம் முதலான மலம் என்னும் அழுக்கு நீங்கி உயிர் பக்குவப்பட. வைத்தியர் கொடுக்கும் கசப்பு மருந்து அது என்று சித்தாந்த வழியில் சொன்னேன்.

"மருந்துன்னா, எந்த நோய்க்குன்னு நோயாளிக்குச் சொல்ல வேண்டாமா?"

பட்டம் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கேள்வியை வைத்துத்தான் அடுத்த கட்டுரையை எழுதினேன்.

வேலை நேர்காணலில் கடவுள் பேச்சே எழவில்லை. தர்க்கவியல் நடத்துவீர்களா, அறவியல் நடத்துவீர்களா என்றுதான் கேட்டார்கள். இன்றும் சமய மெய்யியல் ஒரே ஒரு பருவத்தில், ஒரே ஒரு தாள்; மற்ற நேரமெல்லாம் முதலாண்டு மாணவர்களுக்குத் தர்க்கவியலில் கூற்றுகளின் மெய், பொய்யைக் காட்டும் உண்மை அட்டவணை போடுகிறேன். விண்ணப்பத்தில் நடத்தக்கூடிய தாள்களைக் கேட்டால் தர்க்கவியலை முதலில் எழுதுங்கள்.