மங்களம் முடிந்து வர்ணம்

கச்சேரி சிடிகளைக் கணினியில் ஏற்றும் நண்பர்களே, பெயரை மட்டும் நம்பாதீர்கள். பெரும்பாலான ஆடியோ சிடிகளில் பாட்டின் பெயரே இருக்காது, எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது என்ற கணக்கு மட்டும்தான். பெயரெல்லாம் மியூசிக்பிரெய்ன்ஸ் மாதிரி இணையத் தளத்திலிருந்து வருகிறது. கோப்புக்கு வெறும் பெயர் வைத்தால் அகரவரிசை புகுந்துவிடும். கடைசியில் வரவேண்டிய மங்களம் பாடி முடித்த பிறகு, முதலில் வரவேண்டிய வர்ணம் ஆரம்பிக்கும்!

முன்னால் எண் போடுங்கள். அதுவும் 01, 02 என்று. வெறும் 1, 2 என்றால் பல கருவிகளில் 1-க்கு அடுத்து 10 பாடும். இரட்டை சிடியா? முதல் சிடிக்கு 101, இரண்டாவதுக்கு 201 என்று தொடங்குங்கள். இல்லையென்றால் இரண்டு 01-உம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

கார் பிளேயர் தனி ரகம். சில மலிவு மாடல்கள் எண்ணையும் பார்க்காது, பெயரையும் பார்க்காது. பென்டிரைவில் எது முதலில் ஏறியதோ அதுதான் முதல் பாட்டு. ஒவ்வொன்றாக வரிசைப்படி காப்பி செய்யுங்கள், அல்லது பென்டிரைவில் உள்ள வரிசையைச் சரிசெய்யும் ஃபேட்சார்ட் (FATSort) என்ற நிரலை ஓடவிடுங்கள்.

அப்புறம், ஆலாபனையும் கீர்த்தனையும் தனித்தனி டிராக்காக இருந்தால் எம்பி3 வேண்டாம். நடுவில் சின்ன இடைவெளி விழலாம், தம்புரா விக்கும். ஃபிளாக் (FLAC) என்ற கோப்பு வடிவத்தில் ஏற்றுங்கள்.