கச்சேரி மேடைக்குப் பின்னால் ஓர் அறுவடைக்காலம்

சிகாகோவில் எனக்கு ஈஏடி என்ற வேலை அனுமதி அட்டை கைக்கு வந்த வருடம், படித்த படிப்புக்கு வேலை அகப்படவில்லை. ஒயின் தயாரிக்கும் இடமான ஒரு ஒயினரியில் அறுவடைக்காலத்துக்கு மட்டும் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் சேர்ந்துவிட்டேன். ஊரில் அம்மாவிடம் பழச்சாறு கம்பெனி என்றுதான் சொல்லிவைத்தேன்.

தோட்டம் துரவு எதுவும் கிடையாது. முன்னால் ரெஸ்டாரண்ட், உள்ளே கச்சேரி மேடை, கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் தொட்டிகளும் பீப்பாய்களும். நியூயார்க்கில் நிட்டிங் ஃபேக்டரி இசைக்கூடத்தை 1987-இல் தொடங்கியவர்களில் ஒருவரான மைக்கேல் டார்ஃப், 2008-இல் அங்கே சிட்டி ஒயினரியைத் திறந்து பிரபலமாக்கிய பாணி இது. 2012-இல் சிகாகோவுக்கும் அது வந்தது. நான் சேர்ந்தது அதே பாணியில் ஒரு சின்ன இடம்.

மாலையில் ஊற்றிக் கொடுக்கவும் நிற்க வேண்டும் என்பதால் முதலில் மது பரிமாறுபவர்களுக்கான இல்லினாய் மாநிலத்தின் பேசட் பயிற்சி. ஆன்லைனில் சில மணி நேரம், அவ்வளவுதான்.

திராட்சை கலிஃபோர்னியாவின் லோடையிலிருந்து குளிர்சாதன லாரியில் 3,000 கிலோமீட்டர் தாண்டி வரும். இலை, காய்ந்த பழம், சமயத்தில் ஒரு பூச்சி எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்து, காம்பு நீக்கும் இயந்திரத்தில் கொட்டி, தொட்டிக்கு அனுப்பி ஈஸ்ட் சேர்ப்போம். மறுநாளோ அதற்கடுத்த நாளோ தோல்களெல்லாம் மேலே எழும்பித் தடித்த மூடியாகக் கட்டிக்கொள்ளும். நீளக் கம்பியின் முனையில் தட்டு வைத்த கருவியால் அதை அழுத்தி உள்ளே அமுக்க வேண்டும். நொதித்தல் உச்சத்தில் இருக்கும்போது காலை, மதியம், இரவு என்று மூன்று வேளை. முதலில் கம்பி இறங்கவே இறங்காது. உடம்பு எடையை முழுசாகப் போட்டால் திடீரென்று மூடி உடைந்து, சூடான வாயு முகத்தில் அடிக்கும். விரல் நகமெல்லாம் கருநீலம். எலுமிச்சம்பழம் தேய்த்தும் போகவில்லை.

ஈஸ்டுக்கு எட்டு மணிக் கச்சேரி என்றால் என்ன தெரியும்? ஒரு நாள் மாலை ஒலிச்சோதனை. தனியாக கிதார் வாசித்துப் பாடுபவர், மெல்லிய குரல். எங்கள் வெளியேற்று விசிறியின் உறுமல் மைக்கில் ஏறுகிறது.

"ரெண்டு மணி நேரம் ஆஃப் பண்ண முடியாதா?" என்றார் சவுண்ட் இன்ஜினியர்.

ஒயின்மேக்கர் பேசவில்லை. வாயுவின் அளவைக் காட்டும் மீட்டரை இன்ஜினியர் கையில் கொடுத்துத் தொட்டிப் பக்கம் அழைத்துப் போனார். ஒரு லிட்டர் திராட்சைச் சாறு நொதிக்கும்போது 50 லிட்டருக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு விடும். அது காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். வேலையிடத்தில் அதற்கு எட்டு மணி நேர சராசரி வரம்பு 5,000 பிபிஎம், அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் ஐயாயிரம் பங்கு. மீட்டரைத் தொட்டிக்கு மேல் நீட்டியதும் அலறியது. விசிறி ஓடட்டும் என்று முடிவாயிற்று. அமுக்கும் வேலையை ஏழு மணிக்குள் முடித்தோம், கதவிடுக்கில் கனத்த திரை தொங்கவிட்டோம், மைக்கைத் திருப்பி வைத்தார்கள். பாடகர் மட்டும் பாட்டுக்கு நடுவே, "பின்னால் ஏதோ மூச்சு விடுகிறதே" என்று சிரித்தார்.

பிழிந்து பீப்பாயில் ஏற்றுவது அதற்கப்புறம். 225 லிட்டர் பீப்பாய் ஒன்றில் சுமார் 300 பாட்டில். இங்கே பெரும்பகுதி பாட்டிலுக்கே போகாது. 19.5 லிட்டர் கெக் என்ற உலோக உருளையில் அடைத்து, பாரில் குழாயைத் திறந்து ஊற்றுவார்கள். அந்தக் கெக், குழாய், தொட்டி எல்லாம் கழுவுவதுதான் பாதி வேலை. யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

இந்த அறுவடை வேலைக்குப் போக நினைப்பவர்கள் ஜூலையிலேயே கேட்டுவிடுங்கள், செப்டம்பரில் இடம் இருக்காது. வழுக்காத ரப்பர் பூட்ஸ் சொந்தமாக வாங்குங்கள். அங்கே இருப்பது எப்போதும் உங்கள் அளவாக இராது.