கடைசியாக மோட்டாரைப் போட்டது யார்?

தினமும் காலை ஒன்பதரைக்கு எங்கள் டீமில் எல்லோருக்கும் ஒரு மெயில் வரும், எங்கள் சாஃப்ட்வேர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க முந்தின ராத்திரி ஓடிய டெஸ்ட்களின் ரிப்போர்ட். 2024 ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை அதைத் திறந்தால், 'தோல்வி: 37' என்று ஒரு வரி, அதற்குக் கீழே 'காரணம்:' என்று ஒரு வரி, அதற்கப்புறம் வெறும் வெள்ளை. முப்பத்தேழு டெஸ்ட்டுக்கும் காரணம், முக்காற்புள்ளி, வெள்ளை.

எங்கள் அப்பா போனில் பேசுவது இப்படித்தான். 'என்னப்பா ஆச்சு' என்று கேட்டால் 'ஒண்ணும் இல்ல' என்பார். பைக்கிலிருந்து விழுந்து கையில் கட்டோடு உட்கார்ந்திருந்த அன்றைக்கும் அதே 'ஒண்ணும் இல்ல'தான், இன்னொரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு.

எங்கள் ஆபீஸில் டெஸ்ட் ஓட்டுவதற்கென்று சொந்தமாக ஒரு ஃப்ரேம்வொர்க் இருக்கிறது, பைதான் என்கிற புரோகிராமிங் மொழியில் எழுதியது. எழுதிய அண்ணன் வேலையை விட்டுப் போய் நாலு வருடம் ஆகிறது, ஃப்ரேம்வொர்க் மட்டும் போகவில்லை. பேசாமல் பைதானில் டெஸ்ட் ஓட்ட ரெடிமேடாகக் கிடைக்கிற பைடெஸ்ட்டுக்கு மாறலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். கஸ்டமர் கேட்கிற எக்செல் ஃபார்மட்டில் ரிப்போர்ட் தருவது இது ஒன்றுதான் என்றார்கள், அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

சரி, வெள்ளை எங்கிருந்து வருகிறது என்று உள்ளே போய்ப் பார்த்தேன். டெஸ்ட் ஓடும்போது எர்ரர் வந்தால் அதைப் பிடித்து, அதை ஸ்ட்ரிங்காக மாற்றி, அந்த ஸ்ட்ரிங்கை மட்டும் ரிப்போர்ட்டில் எழுதிவிட்டு மிச்சத்தையெல்லாம் தூக்கிப் போட்டுவிடுகிறது. மிச்சம் என்றால் எந்த ஃபைல், எத்தனையாவது வரி, யார் யாரைக் கூப்பிட்டு இந்த இடத்துக்கு வந்தது என்கிற முழு ஜாதகமும். பைதானில் ஒரு அசர்ட் வரியை, அதாவது 'இது உண்மையாக இருக்க வேண்டும்' என்று சோதிக்கிற வரியை, செய்தி எதுவும் கொடுக்காமல் எழுதி அது தோற்றால், வருகிற எர்ரரை ஸ்ட்ரிங்காக மாற்றும்போது காலி ஸ்ட்ரிங்தான் கிடைக்கும். அதுதான் வெள்ளை. கீ எர்ரர் (கேட்ட பெயரில் தகவலே இல்லை என்கிற எர்ரர்) என்றால் அந்த இல்லாத பெயர் மட்டும் மேற்கோள் குறிக்குள் வரும். ஆக, போன வருடம் முழுக்க எங்கள் ரிப்போர்ட்டில் 'காரணம்: "பின்கோட்"' என்று ஹைக்கூ மாதிரி ஒன்று வந்துகொண்டிருந்தது, அதை யாரும் கண்டுகொள்ளவே இல்லை.

டீம் லீடிடம் போய், 'நான் சரி பண்றேன், அரை நாள் வேலை' என்றேன். அந்த அரை நாள் மார்ச் மாதம்தான் முடிந்தது.

முதல் காரியமாக அந்த முழு ஜாதகத்தையும், அதாவது ட்ரேஸ்பேக்கை, அப்படியே எழுத வைத்தேன். பைதானில் ட்ரேஸ்பேக் பழைய கதையிலிருந்து தொடங்கும், உண்மையில் வெடித்த இடம் கடைசியில் இருக்கும், தலைப்பு வரியிலேயே கடைசி அழைப்பு கடைசியில் என்று எச்சரித்துவிடுவார்கள். ஆனால் அந்தத் தலைப்பை யார் படிக்கிறார்கள்? எங்கள் மேனேஜர் மெயிலைப் போனில்தான் படிப்பார், போன் திரையில் தெரிவது முதல் பதினைந்து வரி, அந்தப் பதினைந்து வரியும் எங்கள் ஃப்ரேம்வொர்க் தன்னைத்தானே கூப்பிட்டுக்கொள்கிற வரிகள். ரன்னர் கூப்பிட்டு, ரீட்ரை கூப்பிட்டு, டைமர் கூப்பிட்டு, மறுபடி ரன்னர் கூப்பிட்டு. அவர் நேராக என் சீட்டுக்கு வந்து, 'என்னப்பா, ஃப்ரேம்வொர்க்கையே உடைச்சிட்டியா, முப்பத்தேழு இடத்துல?' என்றார். ரூபி என்கிற இன்னொரு மொழியில் வெடித்த இடம் முதலில் வரும். 2017 கடைசியில் வந்த 2.5 பதிப்பில் அவர்களும் டெர்மினலில் மட்டும் பைதான் மாதிரி தலைகீழாக்கிப் பார்த்தார்கள், 2020 கடைசியில் 3.0 பதிப்பில் பழையபடி திருப்பிவிட்டார்கள். எது மேலே எது கீழே என்று தீர்மானிக்க ஒரு மொழிக்கே மூன்று வருடம் ஆகியிருக்கிறது, என்னை அரை நாளில் முடி என்றால் எப்படி? (அரை நாள் என்று சொன்னது நான்தான், அது வேறு விஷயம்.)

அடுத்ததாகக் கொஞ்சம் ஆசைப்பட்டேன். வெறும் வரி எண் போதாது, அந்த நேரத்தில் எந்த வேரியபிளில் என்ன மதிப்பு இருந்தது என்றும் சேர்த்து எழுதினால் எவ்வளவு சௌகரியம்! போட்டேன். மறுநாள் காலை டெஸ்ட் சர்வரின் பாஸ்வேர்ட் பதினான்கு பேர் மெயில்பெட்டியில் அழகாக ஒரு வரியில் உட்கார்ந்திருந்தது, ஏனென்றால் கனெக்ட் செய்கிற ஃபங்ஷனில் அதுவும் ஒரு லோக்கல் வேரியபிள். செக்யூரிட்டி டீமிலிருந்து ஒருவர் வந்து என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கோபமாகப் பேசியிருந்தால் தேவலை. 'இதைப் பத்தி கொஞ்சம் பேசலாமா?' என்று டாக்டர் மாதிரி ஆரம்பித்தார்.

அதைக் கழற்றினேன். அப்புறம் ராத்திரி ரன் பாதியில் சாக ஆரம்பித்தது. மெஷினில் 16 ஜிபி மெமரி, ரெண்டு மணிக்கெல்லாம் அதைக் குடித்துத் தீர்த்துவிட்டு ஆபரேட்டிங் சிஸ்டத்தால் கொல்லப்பட்டுக் கிடந்தது. எனக்கு இது புரியவே ரெண்டு நாள் ஆனது. ரிப்போர்ட்டைக் கடைசியில் மொத்தமாக எழுதலாம் என்று வந்த எர்ரர்களையெல்லாம் ஒரு லிஸ்ட்டில் போட்டு வைத்திருந்தேன். பைதான் 3-இல் ஒவ்வொரு எர்ரரும் தன் ட்ரேஸ்பேக்கைக் கையில் பிடித்திருக்கும், ட்ரேஸ்பேக் ஒவ்வொரு ஃபிரேமையும் (வழியில் கூப்பிடப்பட்ட ஃபங்ஷன் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபிரேம்) பிடித்திருக்கும், ஃபிரேம் தன் லோக்கல் வேரியபிள்களை எல்லாம் பிடித்திருக்கும். ஒரு சுரைக்காயைப் பறித்து வைக்கிறோம் என்று நினைத்தால் கொடியும் பந்தலும் கூடவே வந்து வீட்டுக்குள் உட்கார்ந்துகொள்கிறது. இந்தத் தொல்லை தெரிந்துதான் பைதானே, எர்ரரைப் பிடிக்கிற எக்ஸெப்ட் பிளாக் முடிந்ததும் அந்த எர்ரர் வேரியபிளை அழித்துவிடுகிறது. நான்தான் மெனக்கெட்டு லிஸ்ட்டில் போட்டுக் காப்பாற்றி வைத்திருக்கிறேன். இதற்கென்றே 3.5 பதிப்பிலிருந்து ட்ரேஸ்பேக் எக்ஸெப்ஷன் என்று ஒரு கிளாஸ் இருக்கிறது. எர்ரர் வந்த நிமிடமே வேண்டிய விவரத்தை மட்டும் எழுத்தாக எடுத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் விட்டுவிடும். அதற்கு மாற்றினேன், ராத்திரி ரன் பிழைத்தது.

இது நடந்துகொண்டிருந்த பிப்ரவரி நடுவில்தான் மன்னார்குடி வீட்டில் மோட்டார் புகைந்துவிட்டது.

அப்பாவைக் கேட்டேன். 'மோட்டார் போச்சு' என்றார். காரணம், முக்காற்புள்ளி, வெள்ளை. போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன். அம்மாவுடையது பைதான் வகை, பழைய கதையிலிருந்து ஆரம்பிக்கும். அந்த போர்வெல் போட்டபோது நீரோட்டம் பார்க்க வந்தவர் தப்பான மூலையைக் காட்டியது, அதற்கு அப்பா தலையாட்டியது, எதிர்வீட்டுக் காதுகுத்துக்கு நம் வீட்டிலிருந்து தண்ணீர் போனது, ரெண்டு நாளாகக் கரண்ட் மினுக்கு மினுக்கென்று வந்தது. 'சாயங்காலம் டேங்க்ல தண்ணி இல்லடா. காலைல எந்திரிச்சுப் பாத்தா ஒரே புகை.' அத்தோடு நிற்கவில்லை, மோட்டாரைக் கழற்ற வந்த எலக்ட்ரீஷியன் ஒயரை எங்கேயோ மாற்றிக் கொடுத்து ஃபிரிட்ஜும் போய்விட்டது. பைதானும் இதைச் சொல்லும், மேற்படி எர்ரரைச் சமாளித்துக்கொண்டிருந்தபோது இன்னொரு எர்ரர் வந்தது என்று நடுவில் ஒரு வரி போட்டு ரெண்டு கதையையும் அடுத்தடுத்து அச்சடிக்கும். அம்மா அந்த வரியை 'அது போதாதுன்னு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

ஆனால் எனக்கு ஒரு இடம் இடித்தது. 'அம்மா, சாயங்காலம் தண்ணி இல்ல, காலைல புகை. நடுவுல மோட்டாரை யார் போட்டா?'

'யாரு போட்டா என்னடா, பழைய மோட்டாரு.'

பின்னாலிருந்து அப்பாவின் குரல், அந்த மாதத்திலேயே அவர் பேசிய நீளமான வாக்கியம்: 'உன் மாமன் மோட்டாரைப் போட்டுட்டு அணைக்காம கும்பகோணத்துக்குக் கல்யாணத்துக்குக் கிளம்பிட்டான், ராத்திரி பூரா தண்ணி இல்லாம ஓடிருக்கு.'

அம்மாவின் ட்ரேஸ்பேக்கில் நீரோட்டம் பார்த்தவர் உண்டு, எதிர்வீட்டுக் குழந்தையின் காது உண்டு, மின்வாரியம் உண்டு. தன் தம்பி வருகிற ஃபிரேம் மட்டும் கிடையாது. பைடெஸ்ட்டில் ஒரு ஃபங்ஷனுக்குள் 'ட்ரேஸ்பேக்ஹைட்' என்று ஒரு வேரியபிள் வைத்து ட்ரூ என்று போட்டால் அந்த ஃபங்ஷன் தோல்விக் கதையில் தலைகாட்டாது. எங்கள் வீட்டில் மாமாவுக்கு அதைப் பிறந்தபோதே போட்டுவிட்டார்கள்.

மறுநாள் மதியச் சாப்பாட்டில் இதைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டு, சீட்டுக்கு வந்து நான் செய்த காரியம் என்ன தெரியுமா? ஒரு வடிகட்டி எழுதினேன். ட்ரேஸ்பேக்கில் எங்கள் ஃப்ரேம்வொர்க்கின் ஃபிரேம் எதுவும் தெரியக்கூடாது, மேனேஜர் மறுபடி என் சீட்டுக்கு வரக்கூடாது. முதல் முயற்சியில், ஃபைலின் பாதையில் 'டெஸ்ட்' என்ற வார்த்தை இருந்தால் தூக்கு என்று எழுதிவிட்டேன். எங்கள் டெஸ்ட்கள் எல்லாம் இருப்பதே 'டெஸ்ட்ஸ்' என்கிற ஃபோல்டரில். மறுநாள் மெயிலில் காரணம், முக்காற்புள்ளி, வெள்ளை, பழைய நண்பனைப் பார்த்த மாதிரி இருந்தது. ரூபியில் டெஸ்ட் ஓட்டுகிற மினிடெஸ்ட்டில் இதற்கு ஒரு நல்ல வழக்கம் வைத்திருக்கிறார்கள், வடிகட்டினபின் ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் வடிகட்டாமல் முழுசையும் கொடுத்துவிடும். அதையும் சேர்த்து, ஃபோல்டர் பெயரையும் சரி செய்தேன். ரிப்போர்ட் பளிச்சென்று ஆனது, தோல்விக்கு மூன்றே வரி. மேனேஜர் 'சூப்பர்' என்று ஒரு வார்த்தையில் பதில் போட்டார்.

அடுத்து வந்த 29-ஆம் தேதி, வியாழக்கிழமை. தோல்வி 212.

எல்லாவற்றிலும் ஒரே எர்ரர்: அந்த மாதத்தில் அந்த நாள் இல்லை என்கிறது. ட்ரேஸ்பேக் காட்டுகிற கடைசி இடம் டெஸ்ட் ஃபைலில் ஒரு வரி, புது வாடிக்கையாளரை உருவாக்கு என்கிற வரி. அதில் தேதியே இல்லை. அதற்கு மேலும் கீழும் இல்லை. அந்த டெஸ்ட்களை எழுதியது எட்டு மாதத்துக்கு முன்னால் சேர்ந்த ஒரு பெண், என் பக்கத்து சீட். நான் நாற்காலியைத் திருப்பி, கொஞ்சம் சீனியர் தோரணையோடு, 'என்னம்மா, டெஸ்ட் டேட்டால ஏதாவது தப்பான தேதி குடுத்திருக்கியா, நல்லா பாரு' என்றேன்.

அவள் அரை மணி நேரம் நன்றாகத்தான் பார்த்தாள். அப்புறம் ஒன்றும் பேசாமல் வடிகட்டியை அணைக்கிற சுவிட்சைப் போட்டு (அந்த ஆப்ஷனை நானேதான் வைத்திருந்தேன்) ஒரே ஒரு டெஸ்ட்டை ஓட்டினாள். கடைசியில் புதிதாக ஒரு ஃபிரேம் முளைத்தது. ஃப்ரேம்வொர்க்கின் உதவி ஃபங்ஷன். வாடிக்கையாளருக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதால் இன்றைய தேதியை எடுத்து, வருடத்தில் மட்டும் பதினெட்டைக் கழித்து, நாளையும் மாதத்தையும் அப்படியே வைத்துப் பிறந்த தேதி தயாரிக்கிற வரி. 2006 பிப்ரவரியில் 29 ஏது?

எழுதியது யார் என்று, எந்த வரியை யார் எப்போது எழுதினார்கள் என்று குறித்து வைக்கிற கிட்டில் பார்த்தாள். 2021-இல், நான்.

'அண்ணா' என்று மட்டும் சொன்னாள்.

தேதிக் கணக்கைச் சரி செய்ய ரெண்டு வரிதான், அன்று மத்தியானமே முடிந்தது. அப்புறம் டீமுக்கு விளக்க மெயில் எழுத உட்கார்ந்தேன். லீப் வருடம் என்றால் என்ன என்பதில் ஆரம்பித்து, பைதானின் தேதி கிளாஸ் ஏன் இப்படி நடந்துகொள்கிறது, வடிகட்டியின் தேவை என்ன, எல்லாம் விலாவாரியாக எழுதி, 'பழைய உதவி ஃபங்ஷன் ஒன்றில் இருந்த கணக்கு' என்று ஒரு இடத்தில் தாண்டிப் போனேன். அனுப்பி ரெண்டு நிமிடத்தில் அந்தப் பெண் எல்லோருக்கும் பதில் போட்டிருந்தாள். உள்ளே ஒரு வார்த்தை இல்லை, கிட்டின் அந்த வரிக்கு ஒரு லிங்க் மட்டும்.

மறுவாரம் வடிகட்டியை மாற்றினேன். நடுவில் வருகிற ஃப்ரேம்வொர்க் ஃபிரேம்களை இப்போதும் எடுத்துவிடும், ஆனால் எர்ரர் வெடித்த கடைசி ஃபிரேம் யாருடையதாக இருந்தாலும் கைவைக்காது. ரிவ்யூவுக்கு அவளிடமே அனுப்பினேன். அப்ரூவ் செய்து ஒரு கமெண்ட் விட்டிருந்தாள்: 'நல்லா இருக்கு அண்ணா. மன்னார்குடியிலயும் ஒண்ணு டெப்ளாய் பண்ணிடுங்க.'