அப்பாவின் டார்ச்சுக்கு ஒரு ரிஃப்ளெக்டர்

2024 ஜூலை 6, சனி

கான்வாய் எஸ்2+ டார்ச்சின் கூடு வந்துவிட்டது. ஒற்றை 18650 பேட்டரி, லூமினஸ் எஸ்எஸ்டி-20 எல்இடி, வெளிச்சத்தின் நிறம் 4000 கெல்வின், நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதைச் சொல்லும் சிஆர்ஐ 95. ராத்திரியில் மோட்டார் போட வரப்பில் நடக்கிற அப்பாவுக்காகச் செய்வது. சருகுக்குள் கிடக்கும் கண்ணாடிவிரியனின் பழுப்பு பிரிந்து தெரிய வேண்டும். அதனால் பிரகாசத்தைவிட நிறத்துக்கே முதலிடம். வெளிச்சத்தைக் குவித்து முன்னால் அனுப்பும் கிண்ணமான ரிஃப்ளெக்டரில் இரண்டு வகையும் வாங்கினேன்: வழவழப்பானது ஒன்று, ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரப்பானது ஒன்று.

ஜூலை 7, ஞாயிறு

வழவழப்பானதை மாட்டிச் சுவரில் அடித்தேன். நடுப்பொட்டின் மையம் இருட்டாக இருக்கிறது, சுற்றிலும் வளையம். எல்இடி குவியத்தில் உட்காரவில்லை என்று அர்த்தம். இவ்வளவு சின்ன ரிஃப்ளெக்டரில் அரை மில்லிமீட்டர் விலகினாலே காட்டிக்கொடுத்துவிடும்.

சரிபார்க்க எனக்குப் பிடித்த வழி: டார்ச்சை அணைத்து, இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று ஒற்றைக் கண்ணால் நேராக அதன் முகத்தைப் பார்ப்பது. எல்இடியின் மஞ்சள் ரிஃப்ளெக்டர் முழுக்க நிரம்பித் தெரிந்தால் குவியம் சரி. இங்கே நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் மிஞ்சுகிறது.

ஜூலை 9, செவ்வாய்

காரணம் எல்இடியைச் சுற்றி உட்காரும் பிளாஸ்டிக் வளையம். எல்இடியை மையத்தில் பிடிப்பதும் அதுதான், ரிஃப்ளெக்டரின் உயரத்தைத் தீர்மானிப்பதும் அதுதான். இது கொஞ்சம் தடிமன். கண்ணாடித் துண்டின் மேல் நுண்ணிய உப்புத்தாளை விரித்து, வளையத்தை வட்டமாகத் தேய்த்தேன். கொஞ்சம் தேய்ப்பது, மாட்டிப் பார்ப்பது, மறுபடி தேய்ப்பது. அவசரப்படக் கூடாத வேலை.

அளவுக்கு மீறித் தேய்த்தால் ஆபத்து உண்டு. ரிஃப்ளெக்டர் அலுமினியம், டார்ச்சின் உடம்போடு ஒட்டியிருப்பது. உடம்புதான் பேட்டரியின் எதிர்முனை. எல்இடிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் 7135 டிரைவரில் எல்இடியின் நேர்முனை ஒயர் பேட்டரியிலிருந்து நேராக வருகிறது. அதன் ஈயப்பற்று ரிஃப்ளெக்டரில் பட்டால் பேட்டரியே ஷார்ட். எதிர்முனைப் பற்று பட்டால் வேறு கூத்து: டிரைவரைத் தாண்டி மின்சாரம் ஓடும், மோடு (வெளிச்ச அளவு) மாறாது, எப்போதும் முழு வெளிச்சம்தான். பற்றுகளைத் தட்டையாக்கி, மேலே மின்சாரம் கடத்தாத காப்டான் டேப் ஒட்டிவிட்டேன்.

உள்பக்கப் பூச்சில் விரல் படவே கூடாது. தூசி இருந்தால் காற்றடிப்பான் மட்டும். துணி போட்டால் கீறல் நிரந்தரம்.

ஜூலை 13, சனி

இருட்டட்டும் என்று காத்திருந்து வயலில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டேன். வழவழப்பானது தென்னை உச்சியைத் தெளிவாகக் காட்டியது. ஆனால் எத்தனை மீட்டர் எட்டும் என்பது பெட்டியில் போடும் கணக்கு. 0.25 லக்ஸாகத் தேய்ந்துபோகும் இடம்வரை அளப்பார்கள், அது கிட்டத்தட்ட பௌர்ணமி வெளிச்சம். பொட்டின் தீவிரம் 10,000 கேண்டெலா என்றால் 200 மீட்டர் என்று எழுதிக்கொள்ளலாம். அந்தத் தூரத்தில் பாம்பையா பார்க்க முடியும்? காலடியில் அந்தக் கூர்மையான பொட்டு கண்ணைக் கூசவைத்து, பக்கத்திலிருப்பதை மறைக்கிறது.

சொரசொரப்பானதில் தூரம் சற்றுக் குறைந்தது. வளையங்கள் கரைந்து, பொட்டு மெல்ல ஓர வெளிச்சத்தோடு கலந்தது. வரப்பின் இரு சரிவும் ஒரே பார்வையில் கிடைத்தன.

அப்பா வாங்கி, வாய்க்கால் ஓரமாகக் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தார். "இதையே போட்டுடு தம்பி. அது ஒரே இடத்துல குத்துது."

ஜூலை 14, ஞாயிறு

சொரசொரப்பானதையே போட்டு மூடியை இறுக்கினேன். அப்புறம் மோடுகளையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன், ஒழுங்காக மாறுகின்றன. வழவழப்பானதை எடுத்து வைத்திருக்கிறேன். மேலே குமிழ் போன்ற லென்ஸ் இல்லாத எக்ஸ்பி-எல் ஹெச்ஐ எல்இடி ஒன்று வாங்கினால், தூரத்துக்கென்றே தனி டார்ச் கட்டலாம்.