பாஞ்சோவுக்கு ஈடுகொடுக்கும் பேஸ்

கோவையில் ப்ளூகிராஸ் (பாஞ்சோ, மாண்டலின் போன்ற தந்திக் கருவிகளில் வாசிக்கும் அமெரிக்க நாட்டுப்புற இசை) குழு சேர்ப்பவர்கள் பலர், தூக்கிப்போக வசதி என்று அக்கூஸ்டிக் பேஸ் கிட்டார் (மின்சாரம் இல்லாமலே தாழ்ந்த சுரங்களை எழுப்பும் கிட்டார்) வாங்கிவிடுகிறார்கள். தனியாக வாசித்தால் அருமை. பாஞ்சோவும் மாண்டலினும் சேர்ந்ததும் அதன் ஓசை காணாமல் போய்விடும். மிகத் தாழ்ந்த சுரம் தரும் ‘இ’ தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். அதை எழுப்ப அந்தச் சிறிய பெட்டி போதாது. பிக்கப் (தந்தி அதிர்வை மின்சைகையாக்கும் கருவி) மாட்டி ஆம்ப்ளிஃபையரில் கொடுத்தால்தான் கேட்கும்.

மைக் இல்லாமல் வாசிக்க முக்கால் அளவு டபுள் பேஸ்தான் (நிறுத்திவைத்து வாசிக்கும், வயலின் குடும்பத்துப் பெரிய கருவி) சரி. ப்ளைவுட் உடலையே எடுங்கள். நம்ம பக்கத்துப் பங்குனி வெயிலில் முழுமரப் பலகை காய்ந்து வெடிக்கலாம். விரல்பலகை முனையில் ‘ஜி’ தந்தி 7 மி.மீ., ‘இ’ தந்தி 10 மி.மீ. உயரத்தில் இருக்கட்டும். ரொம்பத் தாழ்த்தினால் தந்தி பலகையில் தட்டும், ஓசையும் மெலியும். விரல் நுனியால் சுண்டாதீர்கள். ஆள்காட்டி விரலின் பக்கச் சதையால் இழுங்கள்.