அபிகோ: வேலி ஓரமாக ஒரு நடை

டோக்கியோவின் நிஷிகசாயிலிருந்து அபிகோ போக ஒரே ஒரு இடத்தில் வண்டி மாறினால் போதும். தோசாய் லைனில் ஏறி ஓதேமாச்சியில் இறங்கி, சியோதா லைனைப் பிடித்து உட்கார்ந்துவிடலாம். அந்தப் பாதையில் சில வண்டிகள் நேராக அபிகோ வரை போகின்றன. நவம்பர் மாதத்து சனிக்கிழமை. பெட்டியில் பாதி இருக்கைகள் காலி. சிபா மாகாணத்துக்குள் நுழைந்ததும் கட்டடங்கள் தணிந்து, வீட்டுத் தோட்டங்களில் இலை உதிர்ந்த மரங்களில் ஆரஞ்சு நிறக் 'காக்கி' (பெர்சிமன்) பழங்கள் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தன.

நான் போனது கோல்ஃப் ஆட்டக்காரர் இசாவோ அவோகி பிறந்த ஊரைப் பார்க்க. ஜப்பானுக்கு வரும்வரை அந்தப் பெயரையே கேட்டதில்லை. எங்கள் ஆபீசில் ஓய்வு பெறும் வயதை நெருங்கிய மூத்தவர் ஒருவர், வேலை முடிந்த வெள்ளிக்கிழமைகளில் என்னைக் கோல்ஃப் பயிற்சித் திடலுக்கு அழைத்துப் போவார். நாலாபுறமும் உயரமாகப் பச்சை வலை கட்டிய இடம். மாடி மாடியாக நின்றுகொண்டு எல்லாரும் பந்தை அடித்துக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் அவர் பந்தைக் குழிக்குள் உருட்டித் தள்ளும் மட்டையான புட்டரைக் கையில் எடுத்து, "அவோகிசான் இப்படித்தான் அடிப்பார்" என்று செய்து காட்டினார். கைகளை முழங்காலை நோக்கித் தாழ்த்திவிட்டார். மட்டையின் குதிப்பக்கம் மட்டும் தரையில் பதிந்தது, நுனி மேலே தூக்கிக்கொண்டு நின்றது. நுனிக்கு அடியில் பத்து யென் காசுகளை அடுக்கிக் காட்டினார், மட்டையில் உரசாமல் உள்ளே போயின. பிறகு மணிக்கட்டை மட்டும் சுண்டி, பந்தைத் தட்டினார். அது நேராகக் குழிக்குள் போய் விழுந்தது.

புட்டரின் அடிப்பாகம் தரையோடு சமமாகப் படிய வேண்டும், மணிக்கட்டு அசையக்கூடாது என்றுதான் எனக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இரண்டையும் மீறிய ஒருவர் ஜப்பானின் தொழில்முறைப் போட்டித் தொடரான ஜப்பான் டூரில் 51 பட்டங்கள் வென்றிருக்கிறார். அன்று ராத்திரியே அவருடைய பழைய ஆட்டங்களைத் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன்.

அபிகோ பிளாட்பாரத்தில் இறங்கியதுமே பொரித்த கோழி வாசனை. யயோய்கென் என்ற நின்றுகொண்டே சாப்பிடும் 'சோபா' நூடுல்ஸ் கடை. சூடான குழம்பில் நூடுல்ஸ், அதன் மேல் கைமுட்டி அளவில் இரண்டு கோழித் துண்டுகள். முதல் கடியில் மொறுமொறுப்பு. பாதி தின்பதற்குள் மேல்மாவு குழம்பை உறிஞ்சி மெத்தென்று ஆகிவிடுகிறது. எனக்கு அந்த இரண்டாம் பாதிதான் பிடித்தது. வண்ணக் காகிதத்தைக் கிழித்து ஒட்டியே வாணவேடிக்கைகளைப் படமாக்கிய கியோஷி யமாஷிதா இளவயதில் வேலை பார்த்த கடை இது.

ஸ்டேஷனிலிருந்து தெற்கே இறங்கினால் தெகனுமா ஏரி. நாணல் ஓரமாக இரண்டு அன்னங்கள் மனிதரைச் சட்டை செய்யாமல் மேய்ந்துகொண்டிருந்தன. இந்த ஏரி 1974 முதல் 27 ஆண்டுகள் தொடர்ச்சியாக ஜப்பானிலேயே மிக அசுத்தமான ஏரி என்று பெயர் வாங்கியது. தோனே ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து கலந்து மெல்ல மெல்லத் தேற்றியிருக்கிறார்கள். வடகரையிலேயே கிழக்குப் பார்த்து நடந்தேன். பறவைகள் அருங்காட்சியகத்தைத் தாண்டி, வயலும் வீடும் மாறி மாறி வரும் பாதையில் போய்ப் பிறகு மேட்டில் ஏறினால் மரங்கள் அடர்ந்த ஒரு நீள வேலி வருகிறது. அதுதான் அபிகோ கோல்ஃப் கிளப். ரொகுரோ அகபோஷி வடிவமைத்து 1930-ல் திறந்தது. உறுப்பினர்களுக்கான இடம் என்பதால் உள்ளே போக வழியில்லை. அது தெரிந்தேதான் வந்தேன். எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது அந்த வேலியும், ஒரு பையன் அதற்குள் நடந்து போன தூரமும்.

அவோகி பிறந்தது 1942 ஆகஸ்ட் 31. நடுநிலைப் பள்ளியில் படிக்கும்போதே இங்கே கேடியாக வந்து சேர்ந்தார். கேடியின் வேலை பையைத் தூக்கிக்கொண்டு ஆடுபவர் பக்கத்திலேயே நடப்பது, பந்து எங்கே விழுந்தது என்று கண் வைப்பது, கேட்கும்போது மட்டும் வாய் திறப்பது. 18 குழிகளையும் நடந்து முடிக்க நாலு மணி நேரத்துக்கு மேலாகும். மற்றவர்கள் அடிப்பதைப் பார்த்துப் பார்த்தே ஆட்டம் பழகிய கை அது. 1964-ல் தொழில்முறை ஆட்டக்காரரானார். முதல் பட்டம், கான்டோ சாம்பியன்ஷிப், 1971-ல்தான் வந்தது. நடுவில் ஏழு வருடம். அதற்குள் ஊருக்குத் திரும்பி வேறு வேலை தேடியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதன்பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. 1978 முதல் நாலு வருடமும் ஜப்பான் டூரில் பரிசுப் பணத்தில் அவரே முதலிடம். அதே 1978-ல் இங்கிலாந்தின் வென்ட்வொர்த்தில் உலக மேட்ச் பிளே பட்டத்தையும் வென்றார். அவரையும் அவர் காலத்து ஆட்டக்காரர்கள் மாசாஷி ஓசாகி, தோம்மி நாகாஜிமா ஆகியோரையும் சேர்த்து, ஆங்கில முதலெழுத்துகளால் 'ஏஓஎன்' என்று சொல்வார்கள். எங்கள் மூத்தவர் அந்த மூன்றெழுத்தைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உயரும்.

எல்லாரும் பேசுவது ஹவாய் ஷாட்டைப் பற்றி. 1983 பிப்ரவரி, ஹொனலூலுவின் வயலாயே மைதானம், கடைசி நாள், கடைசிக் குழி. ஜாக் ரென்னர் ஆட்டத்தை முடித்துவிட்டு ஸ்கோர் கூடாரத்தில் இருக்கிறார். அவரைச் சமன் செய்யவே அவோகிக்கு ஒரு பர்டி வேண்டும், அதாவது அந்தக் குழிக்கு வகுத்த எண்ணிக்கையைவிட ஓர் அடி குறைவாக முடிக்க வேண்டும். பந்தோ இடதுபக்கப் புல்லில் கிடக்கிறது, குழிக்கு இன்னும் 128 கஜம். பிட்சிங் வெட்ஜ் என்ற மட்டையை எடுத்து அடித்தார். பந்து குழியைச் சுற்றிய குறும்புல் தரையான கிரீனில் விழுந்து துள்ளி நேராகக் குழிக்குள் இறங்கியது. ஈகிள், இரண்டு அடி குறைவு. ஒரே ஷாட்டில் வெற்றி. அமெரிக்க பிஜிஏ டூரில் பட்டம் வென்ற முதல் ஜப்பானியர் அவர். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அவர் குதிப்பதை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை.

ஆனால் அதைவிடப் பெரிது 1980 ஜூன் மாதத்தின் அந்த நாலு நாட்கள் என்பதே என் கட்சி. நியூஜெர்சியின் பால்டஸ்ரால், அமெரிக்க ஓபன். நாலு சுற்றுமே அவரோடு சேர்ந்து நடந்து ஆடிய போட்டியாளர் ஜாக் நிக்கலஸ். கோல்ஃபில் குறைவாக அடிப்பவரே வெல்வார்; முதல் நாளே நிக்கலஸ் 63 அடித்தார். பக்கத்தில் நடக்கும் எவருக்கும் அங்கேயே கை தளர்ந்திருக்கும். அவோகி 68. மறுநாளும் 68. மூன்றாம் நாளும் 68. சனிக்கிழமை முடிவில் இருவருக்கும் சமமாக 204. கடைசி நாள் 17-லும் 18-லும் இருவருமே பர்டி எடுத்தார்கள். நிக்கலஸ் 272, அவோகி 274. அதுவரை அமெரிக்க ஓபனில் மிகக் குறைந்த மொத்த ஸ்கோர் 275. பழைய சாதனையை முறியடித்துவிட்டு ஒருவர் இரண்டாம் இடத்தில் நிற்கிறார்!

கடைசிக் குழியில் நிக்கலஸின் பந்து விழுந்ததுமே கூட்டம் கயிறுகளைத் தாண்டி ஓடிவர ஆரம்பித்துவிட்டது. அவோகிக்கு இன்னும் ஒரு சின்னப் புட் பாக்கி. நிக்கலஸ் கையை உயர்த்திக் கூட்டத்தை நிறுத்தினார். அந்த ஆரவாரத்துக்கு நடுவில், ஒருவர் கைகளைத் தாழ்த்தி, மட்டையின் நுனியைத் தூக்கி, மணிக்கட்டைச் சுண்டிப் பந்தை உள்ளே போட்டார். 72 குழிகள், உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரரின் பக்கத்திலேயே நடந்தவர் அவர். பக்கத்தில் நடப்பது அவருக்குச் சிறுவயதிலிருந்தே கைவந்த வேலை என்று வேலியோரம் நின்றபோது எனக்குத் தோன்றியது.

அடுத்த மாதமே முயர்ஃபீல்டில், பிரிட்டிஷ் ஓபனின் மூன்றாம் சுற்றில் 63 அடித்தார். ஆனால் மேஜர் எனப்படும் மிகப் பெரிய போட்டிகளின் பட்டம் அவருக்குக் கடைசிவரை கிட்டவில்லை. ஜப்பானிய ஆண்களில் முதன்முதலாக அதை வென்றவர் ஹிதேகி மட்சுயாமா, 2021 மாஸ்டர்ஸில். பெண்கள் தரப்பில் ஹிசாகோ ஹிகுச்சி 1977-லேயே சாதித்துவிட்டார். அவோகி 2004-ல் உலக கோல்ஃப் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார், 2016-ல் ஜப்பான் கோல்ஃப் டூர் அமைப்பின் தலைவரானார்.

வேலியை ஒட்டி அரைமணி நேரம் நடந்திருப்பேன். இலைகளுக்கு நடுவே பச்சை ஒரு கீற்றாகத் தெரியும், மறையும். பந்தை அடிக்கும் 'டக்' சத்தம் மட்டும் துல்லியமாகக் கேட்டது. அதன்பின் ஒரு மௌனம், பிறகு யாரோ சிரிப்பது.

நாலரைக்கெல்லாம் வெளிச்சம் போய்விட்டது. வாசல் பக்கமாக வந்தபோது, உள்ளேயிருந்து ஒரு நடுத்தர வயதுப் பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். காதும் கழுத்தும் மறையும் துணித் தொப்பி, கையுறை. கேடிதான். என்னைப் பார்த்ததும் நின்று, "ஓட்சுகாரேசாமா" (களைத்திருப்பீர்கள், நன்றி) என்று லேசாகக் குனிந்தார். உள்ளே ஆடிவிட்டு வருபவன் என்று நினைத்திருக்க வேண்டும். நானும் குனிந்து அதையே திருப்பிச் சொன்னேன். அவர் சைக்கிளில் ஏறி ஹிகாஷி அபிகோ ஸ்டேஷன் பக்கம் போனார். எனக்கும் அந்த வழிதான். அவருடைய பின்விளக்கின் சிவப்பு, திருப்பம் வரும்வரை எனக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தது.